ஆங்கில அகராதியில் பாராமகால்

ஆங்கிலப் பேரகராதிகளில், ஆங்கிலேயர்களே பொருள் அறியாத பழஞ்சொற்கள் பல உள்ளன. அவற்றுள் ஒரு பகுதியை, லண்டன் நகரத்துப் படிப்பாளியைக் காட்டிலும் பென்னாகரத்து உழவர் எளிதில் விளக்கிவிடுவார். 'ரயத்', 'கிஸ்து', 'பட்டா', 'முச்சலிக்கா' ஆகியவை அத்தகைய சொற்கள். அவை ஆங்கிலத்தில் குடிபுகுந்த வரலாற்றில் தருமபுரிச் சீமைக்குப் பெரும் பங்கு உண்டு. அவற்றின் பொருளை ஆராய்வது புலவர்களின் பொழுதுபோக்கு மட்டும் அன்று. நிலத்தில் யாருக்கு உரிமை என்ற பெரிய வழக்கே அச்சொற்களுக்குள் அடங்கிக் கிடந்தது.

1792-ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் அந்தப் பாராமகாலைச் சேர்ந்தவை. நிருவாகத்தை ஏற்ற அலெக்ஸாண்டர் ரீடு என்பவரும், அவருக்குத் துணைவராக வந்து தருமபுரியில் தங்கிய தாமஸ் மன்றோவும் போர்ச் சேவகர்கள். நிலத்தை அளந்து தீர்வை விதிக்கும் வேலை அவர்கள்மேல் விழுந்தது. அதற்கு வேண்டிய சொற்கள் ஆங்கிலத்தில் இல்லை. எனவே கச்சேரியில் வழங்கிய சொற்களையே தங்கள் கடிதங்களில் எழுதினார்கள். அக்கடிதங்கள் பிற்காலத்தில் 'பாராமகால் ஆவணங்கள்' என்ற பெயரில் சென்னை அரசாங்க அச்சகத்திலிருந்து தொகுதிகளாக வெளிவந்தன.

இத்தகைய சொற்கள் பெருகப் பெருக, லண்டனில் இருந்தவர்களுக்கு உரைநூல் தேவைப்பட்டது. வில்சன் என்ற வடமொழிப் பேராசிரியர் 1855-இல் வருவாய், நீதித் துறைச் சொற்களுக்கு ஓர் அகராதி வெளியிட்டார். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பவரும் யூல் என்பவரும் தொகுத்த 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886-இல் வெளிவந்தது.

சில சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். 'பாலிகார்' என்பது நம் பாளையக்காரரே. 'பனம்' என்பது பணம். 'காஷ்' என்ற நாணயப் பெயர் காசு என்பதன் திரிபு. ரொக்கத்தைக் குறிக்கும் 'காஷ்' என்ற ஆங்கிலச் சொல் பெட்டி எனப் பொருள்படும் ஐரோப்பியச் சொல்லிலிருந்து வந்த வேறொன்று. சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். அந்த வராகனை ஆங்கிலேயர் 'பகோடா' என்றனர். தவணையைக் குறிக்கும் கிஸ்து அரபுச் சொல். எதிர்ச்சீட்டாகிய முச்சலிக்கா துருக்கி மொழியிலிருந்து வந்தது.

இவை எல்லாவற்றிலும் வியப்பானது 'ரயத்' என்ற சொல்லின் வரலாறு. அரபு மொழியில் அதன் வேர்ப்பொருள் மேய்க்கப்படும் மந்தை என்பது. பின்னர் அரசனுக்கு அடங்கிய குடிகளைக் குறித்தது. பாராமகாலிலோ இடைத்தரகர் இன்றி அரசாங்கத்தோடு நேரே கணக்கு வைத்திருக்கும் உழவன் என்ற பொருள் அதற்கு வலுப்பெற்றது. அவ்வேற்பாடே 'ரயத்துவாரி' எனப்பட்டது. 1820-இல் மன்றோ சென்னைக் கவர்னரான பின் அது மாகாணமெங்கும் பரவியது. உழவர் துயரம் இதனால் தீர்ந்தது என்று சொல்ல இயலாது. தீர்வை மிகக் கடுமையாக இருந்தது. கடப்பை, பெல்லாரிப் பகுதிகளில் அதை நூற்றுக்கு 25 வீதம் குறைக்க வேண்டுமென்று மன்றோவே 1807-இல் பரிந்துரைத்தார்.

பாராமகாலிலேயே அம்முறை இடையில் முறிந்தது. 1802-க்குப் பின் கிராமங்கள் 'மிட்டா' என்ற தொகுதிகளாக ஏலம் விடப்பட்டன. உழவனுக்கும் சர்க்காருக்கும் இடையில் மிட்டாதார் வந்து அமர்ந்தார். பல மிட்டாக்கள் பணம் கட்ட முடியாமல் நொடித்து ரயத்துவாரிக்கே திரும்பின. சில நிலைத்து நின்றன. அங்கே உழவனின் உரிமை என்ன? இக்கேள்வியில் நம் தமிழ்ச் சொற்கள் இரண்டு ஆங்கிலச் சட்டத்தினுள் நுழைந்தன. மேலாளருக்குரிய பங்கு மேல்வாரம். உழுபவனுக்குரிய பங்கு குடிவாரம். களத்து மேட்டில் நெல் அளக்கப் பயன்பட்ட இச்சொற்களை நீதிமன்றங்கள் மண்ணின்மேல் உள்ள உரிமை என்றே பொருள் கொண்டன. 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டத்தில் இனாம் கிராமத்தைப் பற்றிய பிரிவு, இனாம்தாருக்குக் குடிவாரம் உண்டா இல்லையா என்பதையே அளவுகோலாக வைத்தது. அந்த ஒரு சொல்லின் பொருளைப் பொறுத்துக் குடும்பங்கள் நிலத்தில் நிலைத்தன, அல்லது வெளியேறின.

முடிவில் 1948-இல் ஜமீன்களையும் மிட்டாக்களையும் ஒழிக்கும் சட்டம் வந்தது. எஸ்டேட்டுகளை ஒழித்து ரயத்துவாரியாக மாற்றும் சட்டம் என்பதே அதன் பெயர். சுதந்திர நாட்டின் சட்டம் தன் தலைப்பிலேயே பாராமகால் கச்சேரியின் பழஞ்சொல்லைத் தாங்கி நின்றது.

இங்கிலாந்தில் இச்சொற்கள் அகராதிக்குள் ஒடுங்கிவிட்டன. நம் தாலுகாக் கச்சேரிகளிலோ ஆண்டுதோறும் ஜமாபந்தி நடக்கிறது, கிஸ்தி வசூலாகிறது, பட்டாவுக்கு மனுக்கள் குவிகின்றன. மந்தை என்று பொருள்பட்ட ஒரு சொல், பட்டாவில் தன் பெயர் எழுதப்பெற்ற மனிதன் என்று பொருள் மாறியதே இவ்வரலாறு. அம்மாற்றத்தை அகராதிக்காரர்கள் பதிவு செய்தார்கள். அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் உழவர்களே.