கல்லில் மூளையைத் தேடிய அம்மையார்

சென்ற வருஷம் எனக்குக் காதில் மெஷின் மாட்டினார்கள். அன்றிலிருந்து காது கேளாதவர்களின் கதை எங்கே கிடைத்தாலும் விடாமல் படிக்கிறேன். அப்படித் தெரிய வந்தவர்தான் டில்லி எடிங்கர்.

டைனோசரின் மூளையைப் பற்றி இன்று பேரப்பிள்ளைகள்கூடப் பேசுகிறார்கள். மூளை அழுகிப்போகும் பொருளாயிற்றே, அது எப்படிக் கிடைக்கும்? மூளை போய்விடும், அது இருந்த மண்டைக் குழி இருக்கும். அதில் சேறு புகுந்து இறுகினால், அச்சில் வார்த்ததுபோல் மூளையின் வடிவம் கிடைத்துவிடும்.

டில்லி 1897-இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். அப்பா லுட்விக் எடிங்கர் பெயர்பெற்ற மூளை ஆராய்ச்சியாளர். மகளுக்கோ இளம் வயதிலேயே காது மந்தம். நோத்தோசாரஸ் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவை ஆராய்ந்து 1921-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். மூளை அச்சுகளைப் பற்றி ஆங்காங்கே சிதறிக் கிடந்த செய்திகளையெல்லாம் திரட்டி 1929-இல் புத்தகமாக்கினார். அதோடு ஒரு தனித்துறையே பிறந்தது.

1933-இல் ஹிட்லர் ஆட்சி வந்தது. டில்லி யூதப் பெண். சென்கென்பர்க் அருங்காட்சியகத்துக்குச் சம்பளமில்லாமல், பக்கவாசல் வழியாக வந்துபோய், ஐந்து வருஷம் வேலையைத் தொடர்ந்தார். 1938 நவம்பரில் அதுவும் போயிற்று. 1939-இல் லண்டன், 1940-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு. அங்கே ஃபாசில்களை வைத்தே குதிரை மூளையின் வரலாற்றை 1948-இல் எழுதினார். இன்றைய விலங்குகளை வரிசையாக நிறுத்திப் பழங்காலத்தை ஊகிக்காதீர்கள், அந்தந்தக் காலத்து மண்டையோட்டைப் பாருங்கள் என்பது அவர் கட்சி.

இப்போது மண்டையை உடைக்காமலே சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்க்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க டைனோசரின் உறவுக்காரர்களான முதலையும் பறவையும் இருக்கின்றன. முதலையின் மூளை மண்டைக் குழியை நிறைப்பதில்லை. பறவையின் மூளை ஏறக்குறைய நிறைத்துவிடும். ஆகவே அச்சுதான் மூளை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. மோப்பப் பகுதி பெரிதாக இருப்பதால் டைரனோசாரஸுக்கு மோப்ப சக்தி அதிகம் என்கிறார்கள். உள்காதின் எலும்புக் குழியை அளந்து, அது எந்த மாதிரி ஒலிகளைக் கேட்டிருக்கும் என்றும் கணிக்கிறார்கள்.

1967 மே மாதம், ஹார்வர்டு இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரில் தெருவைக் கடக்கும்போது லாரி மோதி டில்லி இறந்தார். வயது 69. அது வந்த சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முந்தைய காதைப் படிக்க நமக்கு வழி போட்டுக் கொடுத்தவர் அவர். இப்போதெல்லாம் தெருவில் இறங்குமுன் என் காது மெஷினை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.