ராஜினாமா கடிதத்தை யார் எழுதுவது?

2023 மார்ச், ஒரு செவ்வாய்க்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து சீட்டுக்கு வந்தால், காலண்டரில் 15 நிமிஷத்துக்கு ஒரு மீட்டிங். தலைப்பு எதுவும் இல்லை. உள்ளே போனால் மேனேஜரும், அதுவரை நான் பார்த்தே இராத ஒரு ஹெச்.ஆர். பெண்ணும்.

“சார், இது பர்ஃபார்மன்ஸ் விஷயமே இல்ல. நீங்களே ரிசைன் பண்ணிட்டா மூணு மாச சம்பளம் தர்றோம். ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க.”

“பண்ணலேன்னா?”

“அதை அப்புறம் பாத்துக்கலாம் சார்.”

அந்தக் கம்பெனியில் எனக்கு ஒன்பது வருஷம் முடிந்திருந்தது. மந்தைவெளி வீட்டுக்கு ஹோம் லோன் இன்னும் ஏழு வருஷம் பாக்கி. பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதப் போகிறாள். ராத்திரி விஷயத்தைச் சொன்னதும் மனைவி கேட்டது ஒரே கேள்விதான்: “இருக்கப் போறீங்களா, வந்துடப் போறீங்களா?”

பதில் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய தெருக்கள், பழைய ஆவணங்கள் என்று சுற்றுகிற ஆசாமி நான், உங்களுக்குத்தான் தெரியுமே. பதில் தெரியாதபோது இதற்கு முன்னால் யார் என்ன செய்தார்கள் என்று தேடுவதுதான் எனக்கு வந்த பழக்கம். மூன்று நாள் அதைத்தான் செய்தேன். இந்தக் கட்டுரை அந்தக் குறிப்புகளிலிருந்து எழுதியது.

சித்தப்பாவின் காலண்டர்

முதலில் போனது மேற்கு மாம்பலத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டுக்கு. அடையாறு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். தொலைத்தொடர்புத் துறையில் சேர்ந்து, 2000 அக்டோபர் 1-ல் அது பி.எஸ்.என்.எல். ஆனபோது அப்படியே கம்பெனிக்கு மாறியவர்.

2019 அக்டோபர் 23-ம் தேதி மத்திய அமைச்சரவை பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். இரண்டுக்குமான மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒரு பகுதி வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு. 50 வயது முடிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். நவம்பர் 4 முதல் டிசம்பர் 3 வரை, சரியாக 30 நாள் அவகாசம். குஜராத் மாடல் என்று பெயர் பெற்ற கணக்கு அது: முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 35 நாள் சம்பளம், ஓய்வு வயதுக்கு மீதமுள்ள ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம்.

சித்தப்பாவுக்கு அப்போது 56 வயது, 34 வருஷ சர்வீஸ். தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் போட்ட கணக்கை இன்னும் வைத்திருக்கிறார். 34 × 35 = 1190 நாள். மீதி 4 வருஷத்துக்கு 4 × 25 = 100 நாள். மொத்தம் 1290 நாள், கிட்டத்தட்ட 43 மாசச் சம்பளம். இன்னும் 48 மாசம் வேலை செய்தால் கிடைப்பதில் பெரும்பகுதி, வேலையே செய்யாமல்! ஆனால் திட்டத்தில் உச்சவரம்பு ஒன்று இருந்தது. ஓய்வுக்கு அருகில் இருப்பவர்களை அது நன்றாகவே வெட்டியது. அதைக் கழித்துப் போட்ட கணக்கு வேறொரு தாளில் இருக்கிறது.

“அந்தக் கணக்கைப் பாத்துதான் முடிவு பண்ணீங்களா சித்தப்பா?”

“கணக்கெல்லாம் அப்புறம்தான்டா. அந்த வருஷம் சம்பளமே தேதிக்கு வரல. ஓய்வு வயசை 58 ஆக்கப் போறாங்கன்னு வேற பேச்சு. கேன்டீன்ல தினம் ஒருத்தன் ‘நான் குடுத்துட்டேன்’னு சொல்வான். என்னை யாரும் மிரட்டல. எல்லாரும் போறாங்க, நாம மட்டும் இருந்து என்ன பண்றதுன்னு போனேன்.”

கடைசி எண்ணிக்கை: பி.எஸ்.என்.எல்.லில் மட்டும் 78,569 பேர். 2020 ஜனவரி 31-ம் தேதி, ஒரே நாளில் வெளியேறினார்கள். மொத்தம் சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருந்த நிறுவனத்தில் பாதி. தகுதி இருந்தவர்களில் முக்கால்வாசி.

ஆனால் சித்தப்பா சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. துறையிலிருந்து கம்பெனிக்கு மாறியபோதே அவர்களுக்கு அரசு பென்ஷன் உறுதி செய்யப்பட்டிருந்தது. “பென்ஷன் இல்லேன்னா நான் அந்தப் பாரத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்” என்றார். அதே எக்ஸ்சேஞ்சில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர்களுக்கு வி.ஆர்.எஸ். பாரமும் கிடையாது, பென்ஷனும் கிடையாது. இருக்கலாமா போகலாமா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

எனக்கும் பென்ஷன் கிடையாது. அதனால் சித்தப்பாவின் விடை என் விடை ஆகாது. அடுத்த கேஸுக்குப் போனேன்.

ஸ்ரீபெரும்புதூர், 2014

நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் நேரடி ஊழியர்கள் மட்டும் சுமார் 8,000 பேர். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள், அதில் பெண்கள் கணிசம். 2013 செப்டம்பரில் நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் வாங்கப் போவதாக அறிவிப்பு. ஆனால் இந்திய வருமான வரி வழக்கில் சொத்துகள் முடங்கிப் போனதால், 2014 ஏப்ரல் 25-ல் விற்பனை முடிந்தபோது ஸ்ரீபெரும்புதூர் மட்டும் கை மாறாமல் நின்றுவிட்டது. மைக்ரோசாஃப்டுக்கு ஒப்பந்த அடிப்படையில் போன் செய்து கொடுக்கும் தொழிற்சாலையாக ஓடியது.

அதே சமயம் வி.ஆர்.எஸ். அறிவிப்பும் வந்தது. சில வாரங்களில் சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் பேர், புதிதாக யாராவது வாங்குவார்கள் என்று நின்றார்கள். மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தை நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. கடைசிவரை நின்றவர்களும் தனியாகப் பேசி முடிக்கப்பட்ட ஒரு தொகையுடன் வெளியே வந்தார்கள்.

“யாராவது வாங்குவார்கள்” என்ற நம்பிக்கை பொய்யாகவில்லை. சால்காம்ப் என்ற சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளும் என்று 2019 நவம்பரில் அறிவிப்பு வந்தது. ஐந்து வருஷம் கழித்து! அத்தனை நாள் சம்பளமில்லாமல் காத்திருக்க யாரால் முடியும்?

மறைமலை நகர், 2021–22

ஃபோர்டு தொழிற்சாலைக் கதை கொஞ்சம் வேற மாதிரி. 2021 செப்டம்பர் 9-ல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக நிறுவனம் அறிவித்தது. சட்டப்படிக் கட்டாயமான இழப்பீடு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். தொழிலாளர்கள் மொத்தமாக நின்று பேசினார்கள். 2022 ஜூனில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மாசம் நிறுவனம் சொன்னது வருஷத்துக்குச் சராசரியாக 115 நாள். செப்டம்பரில் இறுதியாக அறிவித்தது 130 நாள். தொழிற்சாலை மூடியதை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் 15-க்கும் 130-க்கும் நடுவில் இருக்கிற தூரம் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிசு என்று நானே பேப்பரில் போட்டுப் பார்த்தேன்.

மூன்று கேஸிலும் தனி ஆள் “இருக்கலாமா, போகலாமா” என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார். எதிர்ப்பக்கம் வேறொரு விஷயத்தில் குறியாக இருக்கிறது: கடிதத்தை ஊழியரே எழுத வேண்டும். அது ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் சட்டத்துக்குள் போனேன்.

1953-ல் வந்த ஒரு வரையறை

தொழிற்தகராறு சட்டம் 1947-ல் வந்தது. அதில் ஆட்குறைப்புக்கான இழப்பீடு அப்போது இல்லை. 1953-ல் ஜவுளி மில்களில் துணி தேங்கி, ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பப் போகும் நிலை. அந்த அக்டோபரில் அவசரச் சட்டம், பிறகு திருத்தச் சட்டம். நாம் இன்றைக்குப் பேசுகிற முக்கால்வாசி விதிகள் அங்கிருந்து வந்தவை:

ஒன்று, சட்டத்தில் ‘லே-ஆஃப்’ என்றால் மூலப்பொருளோ மின்சாரமோ இல்லாமல் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. அதற்குப் பாதிச் சம்பளம் உண்டு. ஐ.டி.யில் நாம் லேஆஃப் என்று சொல்வது, சட்டத்தின் மொழியில் ‘ரிட்ரெஞ்ச்மென்ட்’, ஆட்குறைப்பு.

இரண்டு, ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாச நோட்டீஸ் அல்லது அதற்குச் சம்பளம், முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரி ஊதியம், அரசுக்குத் தகவல். கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். மாற்றிச் செய்தால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஆள் எடுத்தால் குறைக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை.

மூன்று, எது ஆட்குறைப்பு என்ற வரையறை. அதில் ஒரு விலக்கு: தொழிலாளி தானாக விருப்ப ஓய்வு பெற்றால் அது ஆட்குறைப்பு ஆகாது.

இந்த மூன்றாவதுதான் விஷயம். ஊழியர் “என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்” என்று ஒரு வரி எழுதினால், மேலே சொன்ன கடமைகள் எல்லாம் கம்பெனியின் தலையிலிருந்து இறங்கிவிடும். 1976-ல் பெரிய தொழிற்சாலைகளுக்கு இன்னொரு விதி வந்தது: ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன்அனுமதி வேண்டும். அது தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம் ஆகியவற்றுக்கு மட்டும், ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களுக்குக் கிடையாது. தொழிற்சாலைகளில் வி.ஆர்.எஸ். இவ்வளவு பிரபலமானதற்கு இந்த அனுமதி விதி ஒரு முக்கியக் காரணம். விருப்ப ஓய்வுக்கு யார் அனுமதியும் தேவையில்லையே.

“சரி, நமக்கெல்லாம் இந்தச் சட்டம் பொருந்துமா?” என்று கேட்பீர்கள். நானும் பொருந்தாது என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். சட்டத்தில் தொழிலாளி என்பதற்கான வரையறையில் ‘தொழில்நுட்ப வேலை’யும் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் என்ன பதவி என்பதைவிட உண்மையில் என்ன வேலை செய்கிறார் என்பதுதான் கணக்கு. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்கள் வெளியே. கோட் எழுதுகிறவர் தனக்காக வாதாட இடம் இருக்கிறது. 2015 ஜனவரியில் டி.சி.எஸ். நிறுவனத்தின் சென்னை ஊழியர் ஒருவரின் பணிநீக்கத்துக்கு சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2016 ஜூனில் தமிழ்நாடு அரசு, ஐ.டி. நிறுவனங்களுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை, ஊழியர்கள் சங்கமும் வைத்துக்கொள்ளலாம் என்று தெளிவுபடுத்தியது.

(2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் அமலுக்கு வந்துவிட்டது. முன்அனுமதி வரம்பு 300 பேராக உயர்ந்திருக்கிறது. 15 நாள் கணக்கும் விருப்ப ஓய்வு விலக்கும் அப்படியே இருக்கின்றன.)

வெள்ளிக்கிழமை

வெள்ளிக்கிழமை காலை ஹெச்.ஆர்.க்கு நாலு வரியில் ஒரு மெயில் அனுப்பினேன். வேலையை விட நான் விரும்பவில்லை. செவ்வாய்க்கிழமை சொன்னதை எழுத்தில் தரவும். கிராஜுவிட்டி, லீவ் பணம் இரண்டும் ராஜினாமா செய்தாலும் எனக்கு வர வேண்டியவை, அவற்றை மூணு மாசக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கம்பெனி ஆட்குறைப்பு செய்வதாக இருந்தால் அந்தக் கடிதத்தைக் கம்பெனியே கொடுக்கட்டும். அவ்வளவுதான்.

ஒரு வாரம் பதில் இல்லை. அந்த ஏழு நாளும் நான் தூங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அப்புறம் அதே மீட்டிங் ரூம். இந்த முறை ஐந்து மாசச் சம்பளம், வருஷக் கடைசி வரை குடும்பத்துக்கு மெடிக்கல் இன்ஷூரன்ஸ். கையெழுத்துப் போட்டேன். ஆமாம், நானும் கடைசியில் ‘விருப்பத்தில்’தான் விலகினேன். கோர்ட்டுக்குப் போகும் தெம்பு இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்து போட்டேன்.

இதை எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் பக்கத்து சீட் நண்பர். பதினோரு வருஷ சர்வீஸ். அவருக்கும் அதே செவ்வாய்க்கிழமை, அதே மூணு மாசம். புதன்கிழமை சாப்பிடும்போது, “பாஸ், நீங்க என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டார். “யோசிச்சிட்டு இருக்கேன்” என்றேன். அதற்கு முந்தின ராத்திரியே பாதிச் சட்டத்தைப் படித்துவிட்டிருந்தேன். ஆனால் இதைப் பற்றி வெளியே பேச வேண்டாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார், நானும் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டேன். அவர் வியாழக்கிழமை மூணு மாசத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

சில மாசம் கழித்து லஸ் கார்னரில் பார்த்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “நானும் உங்க கிட்ட என்ன ஆஃபர்னு சொல்லலயே பாஸ்” என்றார். மறைமலை நகரில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒன்றாகச் செய்ததை, அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாங்கள் ரெண்டு பேர் செய்யவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பழைய வி.ஆர்.எஸ். பாரம், கணக்குப் போட்ட தாள், ஆலை மூடிய நோட்டீஸ் எதாவது பீரோவில் கிடக்கும். எந்த வருஷமாக இருந்தாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாதீர்கள். பெயரை மறைத்து ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சித்தப்பாவின் காலண்டர் தாள்களோடு சேர்த்து வைக்கிறேன்.