ஓர் எழுத்தும் ஒரு சிறுவனும்

யூத வேத வரிகள் எழுதிய தோலில் ஒரு சிறு ஓட்டை. அது விழுந்த இடம், எகிப்தின் தலைச்சன் பிள்ளைகளைக் கடவுள் கொன்றதைச் சொல்லும் யாத்திராகமம் 13ஆம் அதிகாரத்துச் சொல். அச்சொல்லின் முதல் எபிரேய எழுத்தான 'வாவ்' நின்ற கால் ஓட்டையில் அறுபட்டுவிட்டது. 'வாவ்' காலை இழந்தால் மிஞ்சும் துண்டு 'யோத்' போலத் தெரியும். 'வய்யஹரோக்' என்றால் கொன்றார். 'யேஹாரேக்' என்றால் கொல்லப்படுவான்.

ரப்பி ஸேரா முன் இந்த வழக்கு வந்ததாக யூதச் சட்ட நூலான பாபிலோனியத் தல்மூதின் மெனாகோத் பகுதி சொல்கிறது. அவர் நூல்களைப் புரட்டவில்லை. ஒரு சிறுவனை அழைத்து வரச் சொன்னார். அவன் மகா கெட்டிக்காரனாகவும் இருக்கக் கூடாது, மந்தனாகவும் இருக்கக் கூடாது. 'வய்யஹரோக்' என்று அவன் வாசித்தால் எழுத்து செல்லும், இல்லையென்றால் செல்லாது. கெட்டிக்காரன் இடம் பார்த்துப் பொருளை ஊகித்துவிடுவான். மந்தனுக்கோ எழுத்தே பிடிபடாது. இருவருக்கும் நடுவே, கண்ணில் பட்டதை மட்டும் சொல்லும் பிள்ளைதான் வேண்டும். எழுத்தின் உயிர் எழுதியவன் எண்ணத்தில் இல்லை, காண்பவன் கண்ணில் இருக்கிறது என்ற துணிவான முடிவு இது. யூத மரபில் இன்றும் ஐயத்துக்குரிய எழுத்தைச் சிறுவனிடம் காட்டுகிறார்கள்.

ஆனால் சிறுவனின் சொல்லுக்கும் எல்லை உண்டு. வடிவம் சிதைந்திருப்பது பெரியவர்கள் கண்ணுக்கே தெளிவாகத் தெரிந்தால், பிள்ளை சரியாக வாசித்தாலும் பயனில்லை.

யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள் அடங்கிய தோரா சுருளில் 3,04,805 எழுத்துகள். எழுதுபவர் 'சோஃபேர்'. மையில்லாமல் கீறிய கோடுகளின் கீழே எழுத்துகளைத் தொங்கவிட்டாற்போல, இறகுப் பேனாவால் எழுதுகிறார். ஒவ்வோர் எழுத்தையும் சுற்றி வெறுந்தோல் தெரிய வேண்டும். அருகருகே உள்ள இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டால், எழுத்துகள் ஏற்கெனவே முறையாக உருவாகியிருக்கும் பட்சத்தில், இடையில் உள்ள மையைச் சுரண்டிப் பிரிக்கலாம்.

'ஹே' போன்ற எழுத்தில் நிலைமை வேறு. அதன் இடக்கால் மேற்கூரையைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் 'ஹேத்' ஆகிவிடும். தொட்ட புள்ளியை மட்டும் கத்தியால் சுரண்டிவிட்டால் போதாதா? போதாது. சுரண்டலால் ஓர் எழுத்து பிறந்தால் அது எழுதப்பட்டதாகாது, செதுக்கப்பட்டதாகிவிடும். ஆகவே காலை முழுதுமாக நீக்கிவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். மயிரிழை இடைவெளிக்காக ஒரு காலையே மறுபடி எழுதும் இந்தக் கறார், வெளியே நின்று பார்ப்பவருக்கு மிகையாகப் படலாம். கையின் செயல்தான் எழுத்து என்று நம்பும் மரபில் அதற்கு வேறு வழி கிடையாது.

இன்னொரு சிக்கல் வரிசை. தோரா சுருளில் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். கடவுள் பெயரை மட்டும் அழிக்கவே கூடாது. வாசல்நிலையில் பதிக்கும் மெஸூஸாவில் 713 எழுத்துகள். அவை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகவே எழுதப்பட வேண்டும். எழுதி முடித்தபின் பத்தாம் எழுத்து விடுபட்டது தெரிந்தால், இடையில் செருக முடியாது. அந்தத் தோல் வீண்.

'தாலெத்'துக்கும் 'ரேஷ்'ஷுக்கும் வேறுபாடு ஒரு மூலைதான். 'கடவுள் ஒருவரே' என்னும் வாக்கியத்தின் 'எகாத்' என்ற சொல்லில் அம்மூலை உருண்டுவிட்டால் 'அகேர்', அதாவது 'வேறொன்று', என்று வாசிக்க நேரும். அங்கே 'தாலெத்'தைப் பெரிதாக எழுதும் வழக்கம் இருக்கிறது.

இப்போது கணினியும் தோலைப் படம்பிடித்து, விட்டுப்போன எழுத்தையும் கூடிவிட்ட எழுத்தையும் கண்டுபிடிக்கிறது. சோதிப்பவர் அதன்பிறகும் வெளிச்சத்தில் தோலைச் சாய்த்து, 'யோத்'தின் முள் போன்ற சிறு நுனியைத் தேடிக் குனிகிறார். ஐயம் தீராவிட்டால் ஒரு சிறுவனைக் கூப்பிடுகிறார்.