சீனி இல்லாத சாயா

முட்டத்துப் பாறைகளில் அலை வந்து மோதும் அழகைப் பார்க்க வேண்டுமானால் மாலை வேளையில் போக வேண்டும். நானும் நண்பர் ஒருவரும் அப்படித்தான் ஒரு நாள் போயிருந்தோம். நண்பர் பத்து வருஷமாக நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்பவர். கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில் ஒரு சாயாக் கடை. பெஞ்சில் உட்காரும் முன்பே நண்பர், "சீனி இல்லாம ஒரு சாயா" என்று குரல் கொடுத்தார்.

கடைக்காரர் அன்பான மனிதர். "கருப்பட்டி போட்டுத் தரட்டா அண்ணாச்சி? அது ஒண்ணும் செய்யாது" என்றார்.

"அதுவும் வேண்டாம்" என்று நண்பர் சிரித்தார். வெறும் சாயாவைக் குடித்துவிட்டுப் பாறைகளை நோக்கி நடந்தோம்.

இந்தச் சின்னப் பேச்சுக்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதை நாக்கின் சரித்திரம் என்றே சொல்லலாம்.

இந்த நோயை அடையாளம் காட்டியதே இனிப்புத்தான். சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய வைத்திய நூல்கள் இதை மதுமேகம் என்றன. மது என்றால் தேன். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதை நம் வைத்தியர்கள் அன்றே கவனித்திருந்தார்கள். இங்கிலாந்தில் தாமஸ் வில்லிஸ் என்ற வைத்தியர் அது இனிக்கிறது என்று 1674இல் எழுதினார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்கிறீர்களா? ருசி பார்த்துத்தான்! ஒரு நூற்றாண்டு கழித்து, 1776இல், மாத்யூ டாப்சன் என்பவர் அந்த நீரைச் சுண்டக் காய்ச்சி, அடியில் தங்கியது சர்க்கரையே என்று காட்டினார்.

சுண்டக் காய்ச்சும் வித்தையை நாஞ்சில் நாட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனையேறி சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்குவது பதநீர். இந்தப் பக்கத்தில் அதை அக்கானி என்பார்கள். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும். நொதி அதிலுள்ள சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்கிவிடுகிறது. புளிக்கப் புளிக்க இனிப்புக் குறைந்து போதை ஏறுவது அதனால்தான். கருப்பட்டியில் பெரும் பகுதி கரும்புச் சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். நிறமும் மணமும் வேறு. இரத்தத்தில் கலந்த பிறகு வேற்றுமை அதிகமில்லை. கடைக்காரரின் அன்பு பெரிது. ஆனால் இரத்தம் அன்பைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இனிப்பு வேண்டும், சர்க்கரை கூடாது என்ற ஆசைக்கு வழி தற்செயலாகவே பிறந்தது. 1879இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த ஃபால்பெர்க், கையைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டி தித்தித்தது, சாக்கரின் கிடைத்தது. 1937இல் ஸ்வேடா என்ற மாணவர் ஆய்வு மேஜையில் வைத்திருந்த சிகரெட்டை எடுத்து வாயில் வைத்தார். அதுவும் தித்தித்தது, சைக்ளமேட் வந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த புரூக்ளினில் ஹைமன் கிர்ஷ் என்ற சோடா வியாபாரி, மருத்துவமனை ஒன்றின் நிர்வாகத்திலும் இருந்தவர். அங்கிருந்த நீரிழிவு நோயாளிகளும் ஆசையோடு ஒரு குவளை சோடா குடிக்கட்டும் என்று 1952இல் 'நோ-கால்' என்ற சர்க்கரையில்லாத பானத்தைக் கொண்டுவந்தார். பிறகு வந்த 'டயட்' பானங்களுக்கெல்லாம் அது முன்னோடி. மெலிய விரும்பியவர்கள் பின்னால் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். பிறந்தது என்னவோ நோயாளிக்காக.

மதுக்கடைக்கு வருவோம். 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் தளர்ந்து, பலமுறை மாறி, இன்று அரசே கடை நடத்தும் நிலையில் நிற்கிறது. கள் இறக்க மட்டும் 1987 முதல் அனுமதியில்லை. கடைக்குப் போகும் நீரிழிவுக்காரர் ஒரு கணக்குப் போடுகிறார்: "பிராந்தியில் சீனி இல்லை, கலக்குகிற கோலாவில்தான் இருக்கிறது. வெறும் சோடாவோ, சர்க்கரையில்லாத பானமோ கேட்டால் போயிற்று." பாதிக் கணக்கு சரி. 300 மில்லி கோலாவில் ஏழெட்டுத் தேக்கரண்டிச் சர்க்கரை உண்டு. கேட்டு வாங்குவதும், புட்டியைக் கண்ணால் பார்ப்பதும் நல்ல பழக்கமே.

மறு பாதியில்தான் ஆபத்து இருக்கிறது. 1921இல் டொரொண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மறு வருஷம் அது நோயாளிகளைச் சாவிலிருந்து மீட்டது. அன்றிலிருந்து நீரிழிவுக்காரருக்கு இரண்டு பக்கமும் பள்ளம்: சர்க்கரை ஏறினாலும் கேடு, இறங்கினாலும் கேடு. இன்சுலினும், சில வகை மாத்திரைகளும் அதை அளவுக்கு மீறி இறக்கிவிடக் கூடும். அப்போது கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து கொஞ்சம் கொடுத்து உதவும். மதுவைச் சிதைக்கும் வேலையில் மாட்டிக்கொண்ட கல்லீரலோ அந்த உதவியைச் சரிவரச் செய்வதில்லை. வெறும் வயிற்றில் குடித்தவருக்கு நடு இரவிலோ மறுநாள் காலையிலோகூட ஆபத்து வரலாம். வியர்வை, நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாடும் நடை! இவற்றைப் பார்த்து, "குடித்திருக்கிறான், கிடக்கட்டும்" என்றுதானே உலகம் சொல்லும்?

நண்பர் குடிப்பவரே அல்ல. ஆனால் அன்று மதியம் ஊசி போட்டுக்கொண்டு அரைகுறையாகச் சாப்பிட்டிருந்தார். பாறைகளில் ஏறி இறங்கியதும் அதிகம். இருட்டும் நேரத்தில் அதே கடைக்குத் திரும்பினோம். அவர் சட்டை நனைந்திருந்தது. நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். பெஞ்சைப் பிடித்த கை நடுங்கியது.

"அண்ணாச்சி எங்கயோ ஊத்திட்டு வந்திருக்காரு போல" என்று கடைக்காரர் என் காதருகே சொன்னார்.

"நாலு கரண்டி சீனியைத் தண்ணியில கலக்கிக் குடுங்க, சீக்கிரம்!" என்றேன்.

அவர் கரண்டியை எடுக்கவில்லை. "அவருக்குச் சீனி ஆகாதே! அண்ணாச்சிதானே சொன்னாரு?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 'சீனி வேண்டாம்' என்பதைத்தான் நாம் ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். எப்போது வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் சர்க்கரையில்லாத பானம் பச்சைத் தண்ணீருக்குச் சமம். நினைவோடு விழுங்கக் கூடியவருக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை உடனே வேண்டும், கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை, தெளிந்ததும் ஆகாரம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்க வேண்டும்.

நானே டப்பாவை எடுத்துக் கலக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் நண்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் இரண்டு பழத்தை உரித்து அவர் கையில் கொடுத்தார்.

பிறகு ஒரு முறை நாங்கள் போனபோது, வழக்கம்போல் சீனியில்லாத சாயா வந்தது. கூடவே கடைக்காரர் கேட்டார்: "அண்ணாச்சி, மத்தியானம் ஒழுங்காச் சாப்பிட்டியளா?"