உறங்கும் அரசனும் இரண்டு பல்கலைக்கழகங்களும்

மாகி ஸ்டீவோற்றர் எழுதிய ‘கோல் டவுன் த ஹோக்’ (2019) நாவல் எங்களுக்குள்ள கைமாறிக் கைமாறி இப்பதான் ஒரு சுற்று முடிஞ்சிருக்கு. கனவில் பிடித்த பொருளை, விழிக்கும்போது கையோடு கொண்டுவரக்கூடிய ஒரு பெடியனின் கதை. பெயர் றொனன் லிஞ்ச். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு பண்ணைவீடு, கொலையுண்டுபோன தகப்பன், எல்லாத்தையும் அடக்கி வாசிக்கச் சொல்லும் அண்ணன் டெக்லன், எல்லாருக்கும் செல்லமான தம்பி மத்யூ. அந்தத் தம்பியே றொனன் சின்ன வயசில் கனவிலிருந்து கொண்டுவந்த பிள்ளைதான்.

இது ‘த றேவன் சைக்கிள்’ என்ற நான்கு நாவல்களின் (2012–2016) கிளைக்கதை. மூலத்தொடரில் றொனனும் கூட்டாளிகளும் வேர்ஜீனிய மலைகளுக்குள் உறங்கும் ஒரு வெல்ஷ் அரசனைத் தேடுவார்கள். அவனை எழுப்புகிறவருக்கு ஒரு வரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கதையை உடைக்கிறம், மன்னிச்சுக்கொள்ளுங்கோ: நான்காவது நூலில் ஆளைக் கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் அவன் எப்பவோ செத்துப்போயிருந்தான். கிளைக்கதையில் அரசன் இல்லை, கனவு காண்கிறவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள். நாலு புத்தகம் அலைய வைத்துப்போட்டு அரசனைப் பிணமாகக் காட்டினது ஏமாற்று என்று எங்களில் சிலருக்குக் கோபம். அந்த அரசனின் உண்மையான வரலாற்றைத் தேடி வாசிச்ச பிறகு, ஸ்டீவோற்றர் செய்தது சரி என்றுதான் படுகிறது.

அவர் பெயர் ஓவைன் கிளின்டூர். மந்திரவாதி இல்லை. லண்டனில் சட்டம் படித்தவர் என்று கருதப்படுகிறவர், இங்கிலாந்து அரசனின் படையில் ஸ்கொட்லாந்து வரை போய்ச் சண்டை பிடித்தவர், வடகிழக்கு வேல்ஸில் காணிபூமியோடு வசதியாக இருந்தவர். பக்கத்துப் பிரபு றெஜினல்ட் கிறேயுடன் காணித் தகராறு. நீதி கேட்டுப் போன இடத்தில் கிடைக்கவில்லை. 1400 செப்டெம்பர் 16இல் ஆதரவாளர்கள் கூடி அவரை வேல்ஸின் இளவரசராக அறிவித்தார்கள். காணிச் சண்டையில் தொடங்கினது நாடு முழுக்கப் பரவியதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு நூறு வருசத்துக்கு மேலாக, இங்கிலாந்து கைப்பற்றிய அந்த மண்ணில், வெல்ஷ்காரர் ஆங்கிலேய நகரங்களுக்கும் கோட்டைகளுக்கும் வெளியே நின்ற மக்களாகவே இருந்தார்கள்.

வேல்ஸின் பாணர்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு கனவைப் பாடிவந்தார்கள்: தீர்க்கதரிசனம் சொன்ன மகன் ஒருவன் வருவான், நாட்டை மீட்பான். 1402இல் வானத்தில் வால்வெள்ளி தெரிந்தபோது அது கிளின்டூருக்கான அடையாளம் என்றார்கள். அவரும் இதில் நம்பிக்கையுள்ள ஆள்தான். 1403இல் கார்மார்த்தனில் நிற்கும்போது ஹொப்கின் ஆப் தோமஸ் என்ற தீர்க்கதரிசன வல்லுநரைக் கூப்பிட்டு, தனக்கு என்ன நடக்கும் என்று கேட்டிருக்கிறார். கவர் பக்கம் போனால் கறுப்புக் கொடியின்கீழ் பிடிபடுவாய் என்று பதில் வந்தது. போர் நடக்கும் நேரத்தில் சாத்திரம் கேட்ட தளபதி!

1402 யூனில் பிறின் கிளாஸ் சண்டையில் அவர் வென்று எட்மண்ட் மோர்ற்றிமரைப் பிடித்தார். (மோர்ற்றிமர் பிறகு அவருடைய மகளையே கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.) அதே வருசம் கூடிய இங்கிலாந்துப் பாராளுமன்றம் சட்டங்கள் போட்டது. வெல்ஷ்காரர் ஆயுதம் தூக்கக்கூடாது. அனுமதி இல்லாமல் கூட்டம் கூடக்கூடாது. வெல்ஷ் பெண்ணைக் கட்டின ஆங்கிலேயனுக்கும் வேல்ஸில் பதவி கிடையாது. இதெல்லாம் எந்த ஆக்கிரமிப்பாளரும் போடுகிற சட்டம். எங்களை நிறுத்தி வைத்தது இன்னொன்று: பாணர்களையும் பாட்டுக்காரரையும் நாடோடிக் கலைஞர்களையும் வேல்ஸில் யாரும் ஆதரித்து வைத்திருக்கக்கூடாது. வாள் பிடிக்கிறவனுக்கும் பாட்டுக் கட்டுகிறவனுக்கும் ஒரே தடைப்பட்டியல்.

நாவலில் ‘மொடறேற்றர்கள்’ என்று ஒரு கூட்டம் வருகிறது. கனவாளி ஒருவனால் உலகம் தீயில் அழியப்போகிறது என்று எதிர்காலம் காண்கிறவர்கள் சொல்ல, அதை நம்பி, ஒரு குற்றமும் செய்யாத கனவாளிகளைத் தேடித்தேடிக் கொல்கிறார்கள். மிகைப்படுத்தல் என்று முதலில் நினைத்தோம். 1402ஐ வாசித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. அவர்களில் ஒருத்தியான கார்மன் பாறூக்-லேனுக்கு வருகிற சந்தேகம்தான் நாவலின் ஆகச் சிறந்த இழை. ஹெனசியின் ஓவியத் திருட்டுப் பக்கங்கள் கொஞ்சம் இழுவை.

1404இல் மக்கன்லெத் என்ற சிறு பட்டணத்தில் கிளின்டூர் பாராளுமன்றம் கூட்டினார். 1406 மார்ச் 31இல் பென்னல் என்ற ஊரிலிருந்து பிரான்ஸ் அரசன் ஆறாம் சார்ள்ஸுக்கு ஒரு கடிதம் போனது. அந்தக் காலத்தில் றோமில் ஒரு பாப்பரசர், அவிஞ்ஞோனில் இன்னொருவர். பிரான்ஸ் ஆதரித்த அவிஞ்ஞோன் பாப்பரசரைத் தாங்களும் ஏற்கிறோம் என்று சொல்லி, பதிலுக்குக் கேட்டவை: வேல்ஸுக்குத் தனித் திருச்சபைத் தலைமை, வெல்ஷ் மொழி தெரிந்த குருமார், வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு பல்கலைக்கழகங்கள்.

அந்தக் கடைசிக் கோரிக்கையை நாங்கள் திரும்பத் திரும்ப வாசிச்சம். கோட்டைகளுக்காகச் சாகிற நேரத்தில், படைக்கு உதவி தேவைப்பட்ட ஒருவர், பல்கலைக்கழகம் கேட்கிறார். பல்கலைக்கழகம் அரசியல் கோரிக்கையாவது எங்களுக்கு விளங்காத சங்கதி இல்லை.

ஒன்றும் கிடைக்கவில்லை. 1409இல் ஹார்லெக் கோட்டை விழுந்தது. முற்றுகையில் மோர்ற்றிமர் செத்தார். கிளின்டூரின் மனைவியும் மகள்மாரும் பேரப்பிள்ளைகளும் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்கள். அவர் மட்டும் பிடிபடவேயில்லை. யாரும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. 1415 அளவில் இறந்திருக்கலாம் என்கிறார்கள், ஆனால் கல்லறை தெரியாது. உடலைக் காணாத இடத்தில் கதை முளைக்கும். ஒரு விடியற்காலை மலையில் அவர் மடாதிபதி ஒருவரைக் கண்டு, நேரத்துக்கே எழும்பிவிட்டீர்களே என்றாராம். மடாதிபதியோ, நேரத்துக்கு எழும்பினது நான் இல்லை, நீங்கள்தான், அதுவும் நூறு வருசம் முந்தி என்றாராம். பதினாறாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கதை இது. சிலர் அவர் குகையில் உறங்குகிறார் என்றார்கள். ஷேக்ஸ்பியர் அவரை ஆவிகளை அழைப்பேன் என்று வீறாப்புப் பேசுகிறவராக மேடையேற்றினார். காணி வழக்குக்காரர் அப்படித்தான் மந்திரவாதி ஆனார். ஸ்டீவோற்றர் எடுத்துக்கொண்டதும் இந்த மந்திரவாதியைத்தான். பென்னல் கடிதக்காரரை அல்ல. எங்கட குறை அது.

நாவலில் ஒரு விதி உண்டு. கனவாளி செத்தால் அவன் உண்டாக்கிய உயிர்கள் எல்லாம் உறங்கிவிடும். பென்னல் கோரிக்கைகளும் அப்படி ஐந்நூறு வருசம் கிடந்தன என்று சொல்லலாம். எழும்பின விதம்தான் வேறு. 1872இல் அபெறிஸ்ற்வித் கல்லூரி, கட்டி முடியாத ஒரு ஹோட்டல் கட்டடத்தில் 26 மாணவர்களோடு தொடங்கியது. அதை நடத்தத் தேவாலயங்களில் சில்லறை சேர்த்தார்கள். தெற்கே கார்டிஃப் 1883, வடக்கே பாங்கர் 1884. பாங்கருக்குக் கல்லுடைக்கும் தொழிலாளர் தங்கட கூலியிலிருந்து கொடுத்தார்கள். ஒரு பழைய இளவரசரின் கடிதத்தை நிறைவேற்றவேணும் என்று அவர்கள் காசு போடவில்லை; பிள்ளைகள் படிக்கவேணும் என்று போட்டார்கள். குகைக்குள் போய் ஒருத்தரும் அரசனை எழுப்பவில்லை. திருச்சபை 1920இல் தனியானது. சட்டமன்றத்துக்கான 1997 வாக்கெடுப்பில் ‘ஆம்’ வென்றது 50.3 வீதத்தால், வெறும் 6,721 வாக்கு வித்தியாசத்தில். கிட்டத்தட்டப் பாதிப்பேர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கடிதம் இப்போதும் பாரிஸ் ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒரு கண்காட்சிக்காக வேல்ஸ் வந்துவிட்டுத் திரும்பிப் போனது.

இரண்டாம் பாகம் ‘மிஸ்டர் இம்பொசிபிள்’ எங்களிட்ட கிடக்கு, கேட்டால் தருவம். மூன்றாவது ‘கிறேவாறன்’ இன்னும் கைக்கு வரேல்ல. ஆரிட்டயாவது இருந்தால் சொல்லுங்கோ.