நெஞ்சுக் குளிசையின் கதை: பீற்றா தடுப்பானும் அது கற்றுத்தந்த எச்சரிக்கைகளும்

எங்கட வீடுகளில் குளிசைப் பெட்டி இல்லாத வீடு குறைவு. கிளினிக் கொப்பி ஒன்று, அதோட மடிச்சு வைச்ச சின்னக் கடதாசிப் பைகள். அந்தப் பைகளில் எழுதியிருக்கிற பெயர்களை ஒருக்கா வாசிச்சுப் பாருங்கள். அற்றெனலோல், பிசோப்ரொலோல், மெற்றோப்ரொலோல், கார்வெடிலோல், புரொப்ரனலோல் எண்டு "லோல்" என்ற ஒலியில் முடிகிற பெயர் ஒன்று அநேகமாக இருக்கும். வீட்டில் அதுக்குப் பெயர் "பிரசர் குளிசை" அல்லது "நெஞ்சுக் குளிசை". மருத்துவத்தில் பீற்றா தடுப்பான்.

இந்தக் குளிசையைத் தரும்போது டொக்டர்மார் வழக்கமாகச் சில விஷயங்கள் சொல்லுவினம். நினைச்சபடி நிற்பாட்டக் கூடாது. தொய்வு, இழுப்பு ஏதும் இருந்தால் முதலே சொல்ல வேணும். சலரோகம் இருந்தால் கவனம். வீட்டுக்கு வந்து சேருறதுக்குள் பாதி மறந்துபோகும். மருந்து வரலாறு எண்டால் கண்டுபிடிச்சவரின்ட பெயரும் நோபல் பரிசும்தான் எங்களுக்குச் சொல்லித்தரப்பட்டிருக்கு. ஆனால் அந்த எச்சரிக்கைகளுக்கும் ஆண்டும் ஊரும் இருக்கு. சிலதுக்குப் பின்னால் பார்வை இழந்தவர்களும் இறந்தவர்களும் இருக்கினம். அந்தப் பக்கத்தால்தான் இந்தக் கதையைச் சொல்லப் பார்க்கிறோம்.

1948 இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மருத்துவக் கல்லூரியில் வேலைசெய்த ரேமண்ட் அல்குவிஸ்ற் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். பயம், கோபம், ஓட்டம் வரும்போது உடம்பில் சுரக்கும் அதிரினலின் ஏன் ஓரிடத்தில் இரத்தக் குழாயைச் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் விரிக்கிறது, இதயத்தை வேகமாக அடிக்க வைக்கிறது என்பதுதான் கேள்வி. அதிரினலின் போன்ற ஆறு பொருட்களை வெவ்வேறு இழையங்களில் சோதிச்சுப் பார்த்து, அதை ஏற்கும் வாங்கிகள் இரண்டு வகை என்றார். அல்பா, பீற்றா எண்டு பெயரும் வைத்தார். முதலில் அனுப்பிய சஞ்சிகை கட்டுரையை ஏற்கவில்லை. வேறொரு சஞ்சிகையில் வந்த பிறகும் கிட்டத்தட்டப் பத்து வருசம் பெரிதாக ஒருவரும் கவனிக்கவில்லை.

கவனித்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் பிளாக். ஸ்கொட்லாந்துக்காரர், 1924 இல் பிறந்தவர். மருத்துவம் படிச்சு முடிச்சபோது கையில் இருந்தது கடன். அந்தக் கடனை அடைக்கத்தான் 1947 இல் சிங்கப்பூருக்கு விரிவுரையாளராகப் போனார். (கடன் அடைக்க வெளிநாடு போறது எங்கட ஆட்களின்ட மட்டும் வழக்கமில்லை.) திரும்பி வந்து கிளாஸ்கோ மிருக வைத்தியக் கல்லூரியில் படிப்பித்தார். 1958 இல் ஐசிஐ என்ற பெரிய இரசாயனக் கம்பனியின் மருந்துப் பிரிவில் சேர்ந்தார்.

இதயத்துக்கு இரத்தம் போகும் குழாய் ஒடுங்கினால் நெஞ்சு வலிக்கும். அந்தக் காலத்தில் பெரும்பாலானோர் தேடியது, ஒடுங்கின குழாயை விரிச்சுக் கூட இரத்தம் அனுப்ப ஒரு மருந்து. பிளாக் கேள்வியைத் திருப்பிப் போட்டார். வண்டில் மாடு இழுக்க முடியாமல் திணறினால் இன்னும் தீனி போடலாம். பாரத்தை இறக்கியும் விடலாம். இதயத்துக்கு வேண்டிய ஒட்சிசனின் அளவையே குறைத்தால் என்ன? அதிரினலின் வந்து தட்டும் பீற்றா வாங்கியை வேறொரு பொருளால் அடைத்துவிட்டால், மனம் பதறினாலும் இதயம் அந்தளவு பதறாது. 1958 இல் எலி லில்லி கம்பனிக்காரர் அப்படியொரு பொருளைக் கண்டிருந்தார்கள். ஆனால் அது பாதி அடைக்கும், பாதி தூண்டும்.

பிளாக்கும் கூட்டாளிகளும் முதலில் செய்தது புரொனெதலோல். மருந்து வேலைசெய்தது. ஆனால் எலிகளுக்குக் கழுத்துக்குக் கீழே உள்ள தைமசுச் சுரப்பியில் கட்டி வந்தது. அதை விட்டுவிட்டு இன்னொன்றைச் செய்தார்கள். அதுதான் புரொப்ரனலோல், 1964. இந்த வேலைக்கும், பிறகு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்து கண்டதுக்கும் சேர்த்து 1988 இல் பிளாக்குக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேட்ரூட் எலியன், ஜோர்ஜ் ஹிச்சிங்ஸ் என்ற இருவரோடு பகிர்ந்த பரிசு.

உயர் குருதி அமுக்கம் இந்தக் கதைக்குள் வந்தது தற்செயலாகத்தான். லண்டன் யூனிவேர்சிற்றிக் கொலிஜ் வைத்தியசாலையில் பிரயன் பிரிச்சர்ட் என்ற மருத்துவர், நெஞ்சுவலிக்காரருக்கு மருந்தைக் கொடுத்துப் பார்க்கையில் அவர்களின் பிரசரும் இறங்குவதைக் கவனித்தார். 1964 இலேயே எழுதினார். கன பேர் நம்பவில்லை. பீற்றா வாங்கியை அடைத்தால் குழாய்கள் சுருங்கிப் பிரசர் ஏறத்தானே வேணும் என்பது அவர்களின் கணக்கு. உடம்பு அந்தக் கணக்குப்படி நடக்கவில்லை.

எச்சரிக்கைகளும் அதே ஆண்டிலேயே தொடங்கிவிட்டன. ஆஸ்துமாக்காரருக்குப் புரொப்ரனலோல் கொடுத்தபோது மூச்சு மோசமானதை மக்நீல் என்பவர் 1964 இல் லான்செற் சஞ்சிகையில் எழுதினார். காரணம் விளங்கச் சில வருசம் எடுத்தது. பீற்றா வாங்கியிலும் இரண்டு வகை இருக்கு எண்டு 1967 இல் தெரியவந்தது. ஒன்று பெரும்பாலும் இதயத்தில். மற்றது சுவாசக் குழாயில், அதைத் திறந்து வைத்திருக்கிறதே அதுதான். ஆஸ்துமாக்காரர் இழுக்கும் நீல நிற இன்ஹேலர் தூண்டுவதும் அதே வாங்கியைத்தான். ஒரு கையால் திறந்து மறு கையால் பூட்டுற மாதிரி. சின்ன வயதில் தொய்வு இருந்து இப்ப இல்லை என்றாலும் டொக்டரிடம் சொல்லத்தான் வேணும். இதயத்து வாங்கியைக் குறிவைக்கும் மருந்துகளும் டோஸ் கூடினால் மற்றதையும் தொடும்.

இதயத்தை மட்டும் தொடும் மருந்து வேணும் என்ற அந்தத் தேடலில்தான் பெரிய அவலம் நடந்தது. 1970 இல் ஐசிஐ பிரக்ரொலோல் என்ற மருந்தைச் சந்தைக்கு விட்டது. நுரையீரலைப் பெரிதாகத் தொடாத மருந்து. விலங்குச் சோதனைகளில் பயப்பட ஒன்றும் தெரியவில்லை. நோயாளிகளும் நல்ல சுகம் என்றார்கள். நாலைந்து வருசம் போக, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் கண் வைத்தியசாலைக்குக் கண்ணீர் வற்றிய, கருவிழி சேதமான நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள். பீற்றர் ரைற் என்ற கண் மருத்துவர் இவர்களுக்குப் பொதுவாக என்ன இருக்கு எண்டு தேடினார். எல்லோரும் எடுத்தது பிரக்ரொலோல். தோல் மருத்துவர்களும் ஒருவகைத் தோல் தடிப்பைக் கண்டிருந்தார்கள். சிலருக்குக் குடலைச் சுற்றித் தடித்த சவ்வு வளர்ந்து குடல் அடைத்தது. சிலர் பார்வையை இழந்தார்கள், சிலர் இறந்தார்கள். 1975 இல் அந்தக் குளிசை நிறுத்தப்பட்டது.

தலிடோமைட் அவலத்துக்குப் பிறகு பிரித்தானியாவில் 1964 இலேயே மஞ்சள் அட்டை முறை வந்துவிட்டது. மருந்தால் ஏதும் கெடுதல் எண்டு சந்தேகித்தால் மருத்துவர்கள் அந்த அட்டையில் எழுதி அனுப்ப வேணும். அட்டை இருந்தது, முறை இருந்தது. ஆனால் கண்ணுக்கும் இதய மருந்துக்கும் தொடர்பிருக்கும் எண்டு யாருக்கும் தோன்றவில்லை. விஷயம் அச்சில் வந்த பிறகுதான் முறைப்பாடுகள் குவிந்தன. ஐசிஐ பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுத்தது. இப்ப பாவனையிலுள்ள பீற்றா தடுப்பான்கள் இந்தக் கெடுதலைச் செய்வதில்லை. 1976 இல் அதே கம்பனி விட்ட அற்றெனலோல், இந்த அடிபாட்டுக்குப் பிறகு வந்த மருந்து. இந்த இடத்தில் எங்களுக்குக் கண்டுபிடிப்பாளரைவிட அந்தக் கண் மருத்துவர்தான் பெரிய ஆளாகத் தெரிகிறார். தன்னுடைய துறைக்கு வெளியே போய், "வேற என்ன மருந்து எடுக்கிறீங்கள்?" எண்டு கேட்டவர் அவர். அதனால்தான் பல்லுக்கோ கண்ணுக்கோ போனாலும் கிளினிக் கொப்பியைக் கையில் கொண்டுபோக வேணும்.

அடுத்தது, எங்கட வீடுகளுக்கு நேராகப் பொருந்தும் எச்சரிக்கை. 1974, 1975 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க மருத்துவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நெஞ்சுவலிக்குப் புரொப்ரனலோல் எடுத்தவர்கள் திடீரென அதை நிறுத்தியபோது சிலருக்கு வலி முன்னரைவிடக் கடுமையாகத் திரும்பியது. சிலருக்கு மாரடைப்பு வந்தது, இறப்பும் நடந்தது. விளக்கம் இப்படி: வாங்கிகளை மாதக்கணக்கில் அடைத்து வைத்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. சத்தம் கேட்கவில்லை எண்டு காதை இன்னும் கூர்மையாக்கும், அதாவது புதிதாக இன்னும் வாங்கிகளை உண்டாக்கும். மருந்தை ஒரே நாளில் எடுத்துவிட்டால் வழமையான அதிரினலினே அத்தனை வாங்கிகளிலும் ஒன்றாகத் தட்டும். இதயம் பாய்ந்தடிக்கும், பிரசர் எகிறும்.

"பிரசர் இப்ப நோர்மல், இனி ஏன் குளிசை?" எண்டு நிற்பாட்டுகிற ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கினம். குளிசை எடுக்கிறதால்தான் அது நோர்மல். 2022 இல் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வேறுவிதமாகவும் நடந்தது. பாமசி பாமசியாக ஏறி இறங்கியும் கிடைக்காமல், இருக்கிறதை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களை நாங்களே கண்டிருக்கிறோம். அது அவர்களின் கவலையீனம் இல்லை. ஆனாலும் மருந்து முடிய ஒரு கிழமைக்கு முன்னரே, கைவசம் கொஞ்சம் இருக்கும்போதே போய்க் கேட்டால், டொக்டரால் அதே குடும்பத்து வேறு மருந்துக்கு மாற்ற முடியும். அல்லது அளவைப் படிப்படியாகக் குறைத்துத் தர முடியும். நிறுத்தத்தான் வேணும் என்றாலும் ஒன்றிரண்டு கிழமையாவது எடுத்துக் குறைப்பார்கள், சிலவேளை அதைவிடக் கூட. ஒருவேளைக் குளிசை மறந்தால் நினைவு வந்ததும் எடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். இரண்டையும் ஒன்றாகப் போடுறது கூடாது.

சலரோகக்காரருக்கு வேறு சிக்கல். சீனி அளவு இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அதை வைத்துத்தான் ஆள் உசாராகி இனிப்புச் சாப்பிடுறது. பீற்றா தடுப்பான் இந்த இரண்டு அடையாளத்தையும் மறைச்சுப்போடும். வியர்வை மட்டும் மிஞ்சும். காரணமில்லாமல் குளிர வியர்த்தால் சீனியைப் பார்க்க வேணும். தலைச்சுற்று, மயக்கம், வழமைக்கு மாறாக மெதுவான நாடி, புதிதாக மூச்சிழுப்பு வந்தாலும் அடுத்த கிளினிக் வரைக்கும் காத்திருக்கிற விஷயம் இல்லை.

பெயர்க் குழப்பமும் ஆபத்துத்தான். தனியார் மருத்துவர் கம்பனிப் பெயரில் எழுதித் தருவார், அரசாங்கக் கிளினிக்கில் பொதுப் பெயரில் கிடைக்கும். இரண்டும் வேறு எண்டு நினைச்சு ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுத்தால் நாடி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். 1971 இல் இலங்கை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது சேனக பிபிலே மருந்துகளைப் பொதுப் பெயரில் வாங்க வேணும், எழுத வேணும் எண்டு வாதாடினார். பெரும்பாலும் விலையின் கதையாகத்தான் அதைச் சொல்லுறது வழக்கம். குளிசைப் பெட்டிக்கு முன்னால் இருந்து பார்த்தால் அது பாதுகாப்பின் கதையும்தான். "லோல்" என்ற முடிவு இரண்டு பையில் இருந்தால் கேளுங்கள்.

எங்கட வயதுக்காரருக்கும் ஒன்று. வைவாவுக்கு முன்னால் பதற்றம் போக நண்பர் தந்த புரொப்ரனலோலைப் போடுகிற பழக்கம் இருக்கு. கை நடுக்கம் குறைவது உண்மைதான். 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜொங் சு இரண்டு பதக்கங்களை இழந்தது இதே மருந்தால்தான். ஆனால் நண்பருக்குத் தொய்வு இல்லை, உங்களுக்கு இருக்கலாம்.

இவ்வளவையும் படிச்சுப்போட்டு மருந்தே வேண்டாம் எண்டு யாரும் நினைக்கக் கூடாது. மாரடைப்பு வந்து தப்பிய 3,837 பேரில் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 9.8 சதவீதம் இறந்தார்கள், புரொப்ரனலோல் எடுத்தவர்களில் 7.2 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் 1981 இல் ஆய்வை நேரத்துக்கு முன்னரே நிறுத்தினார்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுக்கவே கூடாது என்றிருந்த காலத்தில், 1975 இல் சுவீடனின் கொத்தன்பேர்க்கில் ஃபின் வாக்ஸ்ரைனும் கூட்டாளிகளும் வெறும் ஏழு பேருக்கு மெதுவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். தேறினார்கள். ஊர் நம்ப 24 வருசம் எடுத்தது. 1999 இல் வெளியான பிசோப்ரொலோல் ஆய்வில் இறப்பு 17.3 சதவீதத்திலிருந்து 11.8 ஆகக் குறைந்தது. அங்கேயும் தொடக்கம் வெறும் 1.25 மில்லிகிராம், கிழமைக்கணக்கில் மெல்ல மெல்ல ஏற்றம். டொக்டர் "கால்வாசிக் குளிசை" தந்தால் ஏமாத்துறார் எண்டு நினைக்கிற ஆட்களுக்கு இதைச் சொல்லலாம்.

பிரசருக்கு மட்டும் எண்டால் இப்ப முதல் தெரிவாக இதைக் கொடுப்பது குறைவு. பக்கவாதத்தைத் தடுப்பதில் மற்ற மருந்துகள் மேல் எண்டு 2000களின் ஆய்வுகள் காட்டின. 2006 இல் பிரித்தானிய வழிகாட்டிகளும் மாறின. மாரடைப்புக்குப் பிறகு எல்லோருக்கும் காலம் முழுக்க வேணுமா என்பதும் இப்ப கேள்விதான். 2024 இல் சுவீடன் தலைமையிலான ஆய்வொன்றில், இதயத்தின் பம்பும் சக்தி கெடாமல் தப்பியவர்களுக்குப் புதிதாகத் தொடங்குவதால் பெரிய நன்மை தெரியவில்லை. அதே ஆண்டு பிரான்சில் 3,698 பேரில் நடந்த இன்னொரு ஆய்வில், ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினர் நிறுத்தினார்கள். நிறுத்துவது தொடர்வதற்குக் குறைவில்லை எண்டு நிரூபிக்க முடியவில்லை. நிறுத்தியவர்கள் இதய நோவுக்காக வைத்தியசாலைக்குப் போனது கூட.

ஆகவே உங்கட அம்மம்மாவின் பெட்டியிலிருக்கிற குளிசை எந்த வகைக் காரணத்துக்காக, பிரசருக்கோ, பழைய மாரடைப்புக்கோ, இதயப் பலவீனத்துக்கோ, நாடி ஒழுங்கின்மைக்கோ எண்டு கொப்பியில் எழுதியிருக்கா எண்டு பாருங்கள். எழுதியில்லை என்றால் அடுத்த கிளினிக்குக்கு நீங்களும் கூடப் போய்க் கேட்டு, அந்தப் பக்கத்திலேயே எழுதுவித்துக்கொண்டு வாங்கோ.