மாரிஸ்தான் வாசலில் ஒரு முறையீடு

தர்மாஸ்பத்திரியின் வாசலில் விடியற்காலையிலிருந்து நின்று, வெயில் ஏறிய பின்னும் தம் முறை வரப்பெறாதவர் யாரைக் கடிந்துகொள்கிறார்? சீட்டு எழுதுபவரை; ஊசி போடும் தாதியை; மிஞ்சிப்போனால் உள்ளே அமர்ந்திருக்கும் மருத்துவரை. கண்ணில் படுகிறவர்கள் அவர்கள்தாமே! ஆனால் அந்த வரிசையை நீளச் செய்தவர் பெரும்பாலும் அந்தக் கட்டடத்திலேயே இருப்பதில்லை. மருத்துவமனைகளின் வரலாற்றைப் புரட்டும்போது இது திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

நம் காலத்தில் இதற்குப் பெருஞ்சான்று இங்கிலாந்து. 1948 ஜூலை 5ஆம் நாள், அமைச்சர் அன்யூரின் பெவனின் முயற்சியால் அங்கே தேசியச் சுகாதாரப் பணி தொடங்கியது. ஏழையும் செல்வரும் கைக்காசின்றி மருத்துவம் பெறலாம் என்பது சட்டமாயிற்று. உலகம் வியந்த ஏற்பாடு அது, இன்றும் வியக்கத்தக்கதே. ஆயினும் அது பிறந்தபோதே, மருத்துவமனையில் இடம் கேட்டுக் காத்திருந்தோர் பட்டியலில் ஏறத்தாழ 5 லட்சம் பெயர்கள் இருந்தன. பழைய பாக்கிதானே, சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்றே எதிர்பார்த்தார்கள். தீரவில்லை. போரில் சிதைந்த நாட்டில் வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் முதலில் பணம் சென்றது. புதிய மருத்துவமனைகளை எழுப்பும் பெருந்திட்டம் 1962இல்தான் வெளிவந்தது. வீடிழந்தோருக்கு வீடு கட்டியது தவறா? அதனைத் தவறென்று யார் சொல்வார்? ஆனால் அந்தப் பதினான்கு ஆண்டுகளும் நோயாளியின் கணக்கில்தான் எழுதப்பட்டன.

இன்னொரு நெருடலும் தொடக்கத்திலேயே புகுந்துவிட்டது. தலைசிறந்த மருத்துவ நிபுணர்களை இணங்கச் செய்வதற்காக, அரசு மருத்துவமனைகளுக்குள்ளேயே கட்டணம் செலுத்துவோருக்கெனச் சில படுக்கைகளை ஒதுக்கப் பெவன் உடன்பட்டார். காசு கொடுத்தவர் முந்துகிறார் என்ற மனக்குமுறல் அதிலிருந்து வளர்ந்தது. 1974இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனை ஊழியர்கள் கட்டணப் பிரிவுக்குப் பணிபுரிய மறுத்தனர். 1976இல் அப்படுக்கைகளைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் வந்தது. 1979இல் ஆட்சி மாற, 1980இல் அந்த முயற்சி கைவிடப்பட்டது. பின்னாளில் 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று எல்லை வகுத்தார்கள். சில ஆண்டுகள் அது பெருமளவு காக்கப்பட்டது; பிறகு நழுவிற்று. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தில் மட்டும் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைக் கடந்தது. ஒருவரே இரண்டு நோய்களுக்காகக் காத்திருப்பதும் உண்டாதலால், ஆட்களின் தொகை அதனினும் சற்றுக் குறைவு. அதனால் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்கு முதலில் செல்கிறது, யார் பின்னுக்குத் தள்ளப்படுகிறார் என்னும் இந்தக் கேள்வி நவீன அரசுகள் கண்டுபிடித்ததன்று. இஸ்லாமிய உலகின் மாரிஸ்தான்களில் இது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுந்தது. 'பீமாரிஸ்தான்' என்பது பாரசீகச் சொல். பீமார் என்றால் நோயாளி. மக்கள் வாயில் அது மாரிஸ்தான் ஆயிற்று. இவற்றின் நீரூற்றுகளையும் தோட்டங்களையும் இலவச உணவையும் பற்றி மேடைகளில் நாம் விரித்துரைக்கிறோம். நானும் உரைத்திருக்கிறேன். அங்கிருந்து எழுந்த முறையீடுகளை மட்டும் ஏனோ நாம் ஓதிக் காட்டுவதில்லை.

மிஸ்ரை ஆண்ட அஹ்மத் இப்னு தூலூன், கி.பி. 872ஐ ஒட்டி ஃபுஸ்தாத் அருகே ஒரு மாரிஸ்தான் கட்டினார். அதற்கு அவர் விதித்த நிபந்தனையை வரலாற்றாசிரியர் மக்ரீஸீ பதிந்திருக்கிறார்: படைவீரருக்கும் மம்லூக்குகளுக்கும் அங்கே சிகிச்சை இல்லை. அந்த ஆட்சியே படையின் தோளில் நின்ற ஆட்சி. அப்படியிருந்தும் படையாளை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வாளேந்தியவன் ஒரு வரிசைக்குள் நுழைந்தால் அவனுக்குப் பின்னால் நிற்பவனுக்கு முறை எப்போது வரும்? உள்ளே வந்தவரின் உடையையும் பணத்தையும் பொறுப்பாளர் வாங்கி வைத்துக்கொண்டு, மாரிஸ்தானின் உடையைக் கொடுப்பார். செல்வர் யார், வறியர் யார் என்பது உடையில் தெரியாது. ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணும் அளவுக்குத் தேறியவர் வீடு திரும்பலாம்.

இப்னு தூலூன் வெள்ளிக்கிழமைதோறும் தாமே வந்து பார்வையிடுவாராம். ஒருநாள் சித்தம் பேதலித்தவர்களுள் ஒருவர், தாம் பைத்தியமல்லர் என்று முறையிட்டு, பெரிய மாதுளம்பழம் ஒன்று வேண்டுமென்றார். பழம் வந்தது. அதைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தவர், சட்டென்று ஆட்சியாளரின் மார்பைக் குறிபார்த்து எறிந்துவிட்டார். பழம் வெடித்து உடையெல்லாம் கறை. அதன் பிறகு இப்னு தூலூன் அந்தப் பக்கமே வரவில்லை. படிப்பவர் சிரிக்கலாம். ஆனால் ஆட்சியாளரின் கண் மருத்துவமனையை விட்டு அகல இவ்வளவு சிறிய காரணம் போதுமாயிருந்தது.

இதற்கு நேர்மாறாக, கெய்ரோவில் ஹிஜ்ரி 683இல் (கி.பி. 1284) சுல்தான் கலாவூன் நிறுவிய மாரிஸ்தான், அரசன் முதல் அடிமை வரை அனைவருக்கும் உரியதென வக்ஃபு செய்யப்பட்டது. அதன் நிர்வாகத்தில் சில காலம் இருந்த அறிஞர் நுவைரீ, தம் காலத்தில் வீட்டிலிருந்தபடியே மருந்து பெற்றவர்கள் இருநூறு பேருக்கு மேல் என்கிறார். வர இயலாதவரும் அங்கே கணக்கில் இருந்தார்.

இனி பக்தாத். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

கலீஃபா முக்ததிரின் காலம், கி.பி. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். வஸீராக இருந்தவர் அலீ இப்னு ஈஸா. தலைமை மருத்துவர், கணித மேதை தாபித் இப்னு குர்ராவின் மகனான ஸினான். இவர் அப்போது முஸ்லிமல்லர். ஹர்ரானின் ஸாபியீ சமயத்தவர். ஸினானின் மகன் எழுதிவைத்ததை, மருத்துவர்களின் வரலாறு எழுதிய இப்னு அபீ உஸைபிஆ தம் நூலில் எடுத்துத் தந்துள்ளார்.

வஸீர் ஸினானுக்கு எழுதிய மடல்களில் ஒன்று சிறைவாசிகளைப் பற்றியது. கூட்டமும் கொடுமையான இடமும் அவர்களுக்கு நோய் தரும். மருத்துவரைத் தேடிச் செல்லவும் அவர்களால் இயலாது. ஆகவே நாள்தோறும் மருத்துவர்கள் மருந்துகளுடன் சிறைக்குள் செல்ல வேண்டும் என்று பணித்தார். இன்னொன்று, மருத்துவரே இல்லாத ஸவாத் நாட்டுப்புறத்துக்கு மருந்துச் சரக்குடன் மருத்துவர்களை அனுப்பி, ஊர் ஊராகத் தேவையான நாள் தங்கச் செய்வது. வரிசையில் வந்து நிற்க வழியற்றவரை முதலில் நினைத்த நெஞ்சம் அது.

ஆனால் அந்தப் பயணத்திலேயே சிக்கல் பிறந்தது. மருத்துவர்கள் ஸூரா என்னும் ஊரை அடைந்தனர். அங்கே பெரும்பாலோர் யூதர். தங்கி மருத்துவம் செய்வதா, கடந்து செல்வதா? ஸினான் வஸீரைக் கேட்டெழுதினார். நகரத்து மாரிஸ்தானில் முஸ்லிமுக்கும் திம்மிக்கும் வேறுபாடின்றி மருத்துவம் நடப்பதையும் மறவாமல் குறித்தார். வஸீரின் விடை இது: திம்மிகளுக்கும் கால்நடைகளுக்கும்கூட மருத்துவம் செய்வது சரியே, அதில் கருத்து வேறுபாடில்லை; ஆயினும் முற்படுத்த வேண்டியது விலங்குக்கு முன் மனிதர், திம்மிக்கு முன் முஸ்லிம்; எஞ்சியது அடுத்த வகுப்பாருக்கு.

இவ்விடத்தை மறைத்துவிட்டு அலீ இப்னு ஈஸாவைப் புகழ்வது எளிது. என்னால் இயலவில்லை. சிறைவாசியை மறவாத அதே மனிதர், மருந்துப் பெட்டி சிறிதென்று கண்டதும் மனிதரை வகுப்பாக அடுக்கினார். மாற்றுச் சமயத்தவரான ஸினான் நகரத்து நடைமுறையைப் பணிவுடன் சுட்டிக்காட்டியதில்தான், என் எண்ணப்படி, மருத்துவத்தின் அறம் பேசுகிறது. சரக்கு குறைந்தால் யாரைப் பின்னுக்கு வைப்பது என்று கேட்பவர் பலர். சரக்கு ஏன் குறைந்தது என்று கேட்பவர் சிலரே. ஆனால் வேறொரு சமயத்தில் அந்தக் கேள்வியையும் கேட்டவர் இதே வஸீர்தான்.

பக்தாதின் முகர்ரிம் பகுதியில், தளபதி பத்ர் நிறுவிய மாரிஸ்தான் ஒன்று இருந்தது. அதன் செலவு, கலீஃபா முதவக்கிலின் அன்னையார் விட்டுச்சென்ற வக்ஃபிலிருந்து வர வேண்டும். அவ்வக்ஃபின் வருவாயில் ஒரு பங்கு பனூ ஹாஷிம் குடும்பத்தாருக்கு. ஒரு பங்கு மாரிஸ்தானுக்கு. பொறுப்பு அபுஸ்ஸக்ர் என்பவரிடம் இருந்தது. நம் ஊர் வழக்கில் முதவல்லி என்போமே, அத்தகைய பொறுப்பு. அவர் பனூ ஹாஷிமின் பங்கை விரைந்து கொடுத்துவிடுவார். மாரிஸ்தானின் பங்கைத் தாமதிப்பார், குறைத்தும் கொடுப்பார்.

கவனிக்க வேண்டும். அவர் பணத்தைத் திருடினார் என்று ஏடு சொல்லவில்லை. பனூ ஹாஷிமுக்குக் கொடுத்ததும் குற்றமன்று, அவர்களும் உரியவர்களே. வாகிஃபின் நிபந்தனையை மார்க்கக் கட்டளைபோல் பேண வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்களில் மாணவர்க்கு ஓதிக்கொடுக்கிறோம். அந்த நிபந்தனைப்படி இரண்டும் ஹலாலான செலவு. எது முதலில் என்பதில்தான் எல்லாம் கெட்டது. பெருங்குடும்பத்தார் நேரில் வந்து கேட்பார்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் அரண்மனையில் பேசுவார்கள். காய்ச்சலில் கிடப்பவனும் சித்தம் கலங்கியவனும் எங்கே போய்ப் பேசுவார்கள்?

அவர்களுக்காக ஸினான் பேசினார். கரி இல்லை, உணவு போதவில்லை, போர்வை இல்லை. நோயாளிகள் துன்புறுகிறார்கள் என்று வஸீருக்கு எழுதினார். தம் ஊழியரைக் கடியவில்லை; நோயாளிகளைப் பொறுத்திருக்கச் சொல்லவும் இல்லை. பணத்தின் சாவி யாரிடமோ, அவரைச் சுட்டி எழுதினார்.

அலீ இப்னு ஈஸா அந்தக் கடிதத்தின் பின்புறத்திலேயே அபுஸ்ஸக்ருக்கு உத்தரவு எழுதினார். இக்கொடுங்குளிரில் நோயாளிகளின் பங்கை மட்டும் ஏன் குறுக்கினீர் என்று கேட்டார். எவ்வழியிலேனும் பணத்தை உடனே அனுப்ப வேண்டும். அங்குள்ள நோயாளிகளும் பித்தரும் போர்வையாலும் உடையாலும் கரியாலும் குளிர்காய வேண்டும். உணவும் பணிவிடையும் முட்டின்றி நடக்க வேண்டும் என்றார். அத்துடன் விடவில்லை. இது குறித்து என்ன செய்தீர் என்று எனக்கு மறுமொழி எழுதும், உம் பக்கத்து நியாயத்தைக் காட்டும் கணக்கையும் அனுப்பிவையும் என்று முடித்தார்.